சமையல் கேஸ் சிலிண்டரில் திரவம் இருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டரில் ஏன் இல்லை?

மதுரைமணி | ஏப்ரல் 18, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு வருடமாக கேஸ் ஏஜென்சியில் டெலிவரி வேலை பார்க்கிறேன். நிறைந்த சிலிண்டரைத் தோளில் ஏற்றினால் உள்ளே அலம்புவது தோளுக்கே தெரியும். கேஸ் என்று சொன்னாலும் உள்ளே இருப்பது திரவம்தான்.

போன மாதம் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை, கறுப்பு உடம்பு வெள்ளைக் கழுத்து இருக்குமே அதை, நகர்த்தக் கைகொடுத்தேன். துளிகூட அலம்பவில்லை. அட்டெண்டர் தம்பியிடம் கேட்டேன். "உள்ளே வெறும் வாயுதான் அண்ணே, அழுத்தி அடைச்சிருக்காங்க" என்றார். ஆனால் கட்டடத்துக்குப் பின்னால் ஓர் உயரமான வெள்ளை டேங்க் நிற்கிறது. 'திரவ ஆக்சிஜன்' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் வரிசையாக அலுமினியத் தகடுகள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்தத் தகடுகளில் மட்டும் விரல் தடிமனுக்குப் பனி உறைந்திருக்கிறது.

என் குழப்பம் இதுதான். ஆக்சிஜன் சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும் என்கிறார்கள் (ஒரு பார் என்றால் ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்). கேஸ் சிலிண்டரில் அதில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அதிகமாக அழுத்தியது வாயுவாகவே இருக்கிறது, கொஞ்சமாக அழுத்தியது திரவமாகிவிட்டது. இது எப்படி? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் இதையே கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோவைக்குமரன் | ஏப்ரல் 18, இரவு 10.15

அழுத்தம் போதவில்லை, அவ்வளவுதான் அண்ணா. 150க்குப் பதில் 1,500 பார் கொடுத்தால் ஆக்சிஜனும் திரவமாகிவிடும். அதைத் தாங்குகிற சிலிண்டர் செய்தால் தூக்க முடியாத கனமாகிவிடும் என்பதால் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

செண்பகம்டீச்சர் | ஏப்ரல் 19, காலை 6.20

குமரன் தம்பி, நீங்கள் சொன்னதைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் செய்து பார்த்தபோது நடக்கவில்லை.

1823இல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் குளோரின் சேர்ந்த படிகத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்து, இரண்டு முனையையும் உருக்கி மூடிச் சூடாக்கினார். குழாய்க்குள் எண்ணெய் மாதிரி மஞ்சள் சொட்டுகள் தேங்கின. பார்க்க வந்த நண்பர் ஒருவர், குழாயைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். அது திரவக் குளோரின்! படிகத்திலிருந்து வெளியேறிய குளோரின் இடமில்லாமல் தன்னைத்தானே அழுத்திக்கொண்டு திரவமாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு வாயுவாகப் பணிய ஆரம்பித்தது. 1845இல் அவரே அழுத்தத்தோடு குளிரையும் சேர்த்தார். உலர்பனியையும் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஈதரையும் கலந்து, காற்றை உறிஞ்சி, மைனஸ் 110 டிகிரி வரை போனார். அப்படியும் ஆறு வாயுக்கள் மசியவில்லை: ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, மீத்தேன். இவற்றுக்கு 'நிரந்தர வாயுக்கள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வியன்னாவில் நாட்டரர் என்பவர் குமரன் சொன்ன வழியில் போனார். ஏறக்குறைய 3,000 வளிமண்டல அழுத்தம் வரை கொடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டும் வரவில்லை.

காரணத்தைக் கண்டவர் பெல்ஃபாஸ்டில் இருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ். 1869இல் அவர் தெளிவாகக் காட்டியது இது: ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்பநிலை வரம்பு உண்டு. அதற்கு மேலே இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகப் பிரிந்து நிற்காது. வரம்புக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் அப்புறம் அழுத்தம் வேலை செய்யும். மாறுநிலை வெப்பநிலை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

மணி, உங்கள் கேள்விக்கு விடை அந்த எண்களில் இருக்கிறது. கேஸ் சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனுக்கு வரம்பு 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. மதுரை வெயில் எவ்வளவு அடித்தாலும் நாம் அந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கிறோம். அதனால் லேசான அழுத்தமே போதும். ஆக்சிஜனுக்கு வரம்பு மைனஸ் 118. நைட்ரஜனுக்கு மைனஸ் 147. வார்டில் இருக்கும் சிலிண்டர் ஆக்சிஜனின் வரம்பைவிட 150 டிகிரி அதிகச் சூட்டில் நிற்கிறது. அங்கே அழுத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை.

இதை வீட்டுப் பக்கத்திலேயே பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடுக்கு வரம்பு 31 டிகிரி. அலுவலகங்களில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் மார்கழிக் காலையில் உள்ளே திரவம் வைத்திருக்கும். மே மாத மதியம் அதே சிலிண்டருக்குள் திரவம் தனியாக இருக்காது. எடை மாறவில்லை, அடைத்த பொருள் மாறவில்லை. நடுவில் இருந்த மேற்பரப்பு மட்டும் மறைந்துபோயிருக்கும். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் பாடத்தை எனக்குப் பிடிக்கும்.

யாழ்நிலவன் | ஏப்ரல் 19, காலை 11.05

ரீச்சர் அருமையாக விளங்கப்படுத்தியிருக்கிறார். எங்கள் பாடநூல்களில் அதை அவதி வெப்பநிலை என்போம். வாயுப் பெயர்களையும் நான் படித்த மாதிரியே எழுதுகிறேன், மாற்றி எழுதினால் கை ஓடாது.

மைனஸ் 118 என்ற அந்த இலக்கத்தைச் சுற்றி ஒரு கதை உண்டு. 1877 டிசெம்பரில் இரண்டு பேர் தனித்தனியே ஒட்சிசனைத் திரவமாக்கியதாக அறிவித்தார்கள். பிரான்சில் கையெத்தே, ஜெனீவாவில் பிக்தே. கையெத்தே செய்தது இது: ஒட்சிசனை ஏறக்குறைய 300 வளிமண்டல அமுக்கத்துக்கு அழுத்திக் குளிரவைத்து, பிறகு சட்டென்று அமுக்கத்தை விடுவித்தார். வாயு திடீரென விரிந்தால் தன் சொந்தச் சூட்டையே செலவழித்துக் குளிரும். குழாய்க்குள் ஒரு மூடுபனி தோன்றி மறைந்தது. அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரம். ஒட்சிசன் 'நிரந்தர' வாயு அல்ல என்பதற்கு அது போதும். ஆனால் கையில் எடுத்துப் பார்க்க ஒரு துளியும் இல்லை.

போலந்தின் கிராக்கோவில் விருப்ளெவ்ஸ்கி, ஒல்செவ்ஸ்கி என்று இருவர். விருப்ளெவ்ஸ்கி பாரிசிலிருந்து கையெத்தேயின் கருவியை வாங்கி வந்திருந்தார். குளிரூட்டத் திரவ எதிலீன் பாவித்தார்கள். எதிலீன் திறந்த நிலையில் மைனஸ் 104 பாகையில் கொதிக்கும். மைனஸ் 118க்கு இன்னும் 14 பாகை வேண்டும். இவர்கள் அந்த எதிலீனுக்கு மேலே ஒரு வெற்றிடப் பம்பியைப் பூட்டினார்கள். மேலுள்ள ஆவியை இழுக்க இழுக்க எதிலீன் இன்னும் குறைந்த வெப்பநிலையில் கொதித்தது, மைனஸ் 130ஐயும் தாண்டிப் போனது. 1883 வசந்தத்தில் அந்தக் குழாயின் அடியில் ஒட்சிசன் திரவமாகத் தேங்கி, தண்ணீர் போல அமைதியாகக் கொதித்தது. அந்த ஏப்ரல் மாதத்துக்குள் நைதரசனும் விழுந்தது.

உலகமே முடியாது என்றிருந்த ஒன்றுக்கும் கிராக்கோவுக்கும் நடுவே இருந்தது 14 பாகையும் ஒரு பம்பியும். எனக்கு இதைவிடப் பிடித்த பரிசோதனை வேறில்லை. விருப்ளெவ்ஸ்கி ஐந்தே வருடத்தில், 1888இல், ஆய்வுகூடத்தில் மண்ணெண்ணெய் விளக்குச் சரிந்து பற்றிய தீக்காயத்தால் இறந்துபோனார். 42 வயது.

மதுரைமணி | ஏப்ரல் 19, இரவு 10.30

டீச்சர், நிலவன் சார், ரொம்ப நன்றி. மகளோடு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தோம். பம்ப் வைத்து இழுத்தால் ஏன் குளிர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஹோட்டல் அடுப்பில் நெருப்பை முழுசாக வைத்து ஓட்டினால் சிலிண்டரின் கீழ்ப்பாதி வேர்த்து, சில சமயம் பனியே படியும். அதுவும் இதுவும் ஒன்றா?

செண்பகம்டீச்சர் | ஏப்ரல் 20, காலை 6.05

ஒன்றேதான். மண்பானைத் தண்ணீரும் அதேதான். திரவத்திலிருந்து ஆவி பிரியும்போது தனக்கு வேண்டிய சூட்டை மிச்சத் திரவத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஹோட்டலில் நீங்கள் வேகமாக கேஸை இழுக்கிறீர்கள், உள்ளே இருப்பது வேகமாகக் கொதித்துக் குளிர்கிறது. திரவம் எந்த மட்டம்வரை இருக்கிறதோ அந்த மட்டம்வரை பனிக்கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். கிராக்கோவில் பம்ப் செய்ததும் அதுதான். மகளுக்கு என் வாழ்த்து.

ஆலைக்காரன் | ஏப்ரல் 20, மதியம் 2.50

காற்றைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கும் ஆலையில் ஆபரேட்டராக இருந்தேன். மணி அண்ணன் பார்த்த டேங்குக்குச் சரக்கு எங்களைப் போன்ற ஆலைகளிலிருந்துதான் டேங்கர் லாரியில் வரும்.

எங்கள் வேலைக்கு எதிலீன் எல்லாம் தேவையில்லை. அதற்கு ஜெர்மனியின் லிண்டேக்கு நன்றி சொல்ல வேண்டும். காற்றை அழுத்தி ஒரு சின்னத் துவாரம் வழியாக விட்டால் கொஞ்சம் குளிரும். ஜூல், தாம்சன் இருவரும் 1850களிலேயே அளந்தது. ஒரு வளிமண்டல அழுத்தம் இறங்கினால் கால் டிகிரி அளவுதான் குறையும். 200லிருந்து இறக்கினாலும் 50 டிகிரி. மைனஸ் 190க்கு அது எங்கே போதும்? லிண்டே அந்தக் குளிரை வீணாக்காமல் திருப்பி அனுப்பினார். வால்வைத் தாண்டிக் குளிர்ந்த காற்று, உள்ளே வரும் காற்றுக்குழாயை ஒட்டியே எதிர்த்திசையில் வெளியே போகும். அதனால் வரும் காற்று வால்வுக்கு வரும்போதே கொஞ்சம் குளிர்ந்து வரும், வால்வில் இன்னும் குளிரும், அது திரும்பிப் போய் அடுத்ததை இன்னும் குளிர வைக்கும். வட்டிக்கு வட்டி மாதிரி ஏறும். 1895 மே மாதம் அவருடைய இயந்திரத்திலிருந்து மணிக்கு மூன்று லிட்டர் கணக்கில் நீலம் பாய்ந்த திரவக் காற்று வந்தது. ஏழு வருடம் கழித்து பிரான்சில் கிளோத் வால்வுக்குப் பதில் ஓர் இன்ஜினையே ஓட்டி, காற்றை வேலை செய்ய வைத்துக் குளிர்வித்தார். இன்று எங்களிடம் அந்த இன்ஜின் இடத்தில் டர்பைன் சுற்றுகிறது. திரவமான காற்றை உயரமான கோபுரத்தில் கொதிக்க விட்டால் நைட்ரஜன் மைனஸ் 196இல் முதலில் மேலே போய்விடும், ஆக்சிஜன் மைனஸ் 183இல் அடியில் தங்கும். ஆர்கான் நடுவே மைனஸ் 186இல் ஆக்சிஜனை ஒட்டிக்கொண்டு கிடக்கும். மூன்றே டிகிரி வித்தியாசம், அதைப் பிரித்தெடுக்கத் தனிக் கோபுரமே வேண்டும்.

இதில் குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். காற்றிலிருக்கும் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே போனால் கல்லாக உறைந்து குழாயை அடைத்துவிடும். அதனால் முதலில் சல்லடைப் படுகை ஒன்றில் இரண்டையும் வடிகட்டுவோம். இரண்டு படுகை இருக்கும், ஒன்று வேலை செய்யும்போது மற்றது சூடுபட்டுக் காயும். நான் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு ராத்திரி ஷிஃப்டில் படுகை மாற்றுகிற வால்வு சரியாக மூடவில்லை. மானிட்டரில் எண் லேசாக ஏறியதைப் பார்த்தேன். மீட்டர் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். விடியும்போது உள்ளே போகிற காற்றின் அழுத்தம் ஏறுகிறது, வெளியே வருவது குறைகிறது. எக்ஸ்சேஞ்சர், அதாவது வரும் காற்றும் திரும்பிப் போகும் குளிர்காற்றும் ஒட்டியே ஓடும் குழாய்த் தொகுதி, அடைத்துக்கொண்டது. அப்புறம் என்ன, மொத்தத்தையும் நிறுத்தி, சூடான காற்றை ஓட்டி உருக்கி, மறுபடி குளிர வைத்துத் திரவம் பார்க்க நாலு நாள். அந்த நாலு நாளும் டேங்கர்கள் வாசலில் காத்து நின்றன. 2021 மே மாதம், கொரோனா சமயத்தில், அதே வாசலில் வரிசை நின்றபோது அந்த ராத்திரிதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை நானே போய்ப் பார்த்தேன்.

கோவைக்குமரன் | ஏப்ரல் 20, இரவு 8.10

டீச்சர், என் முதல் பதிவு தப்பு என்று புரிந்துவிட்டது. நாட்டரர் கதை நன்றாக மனதில் நிற்கும். ஆலைக்காரன் அண்ணா, ஒரு சந்தேகம். லிண்டே இயந்திரத்தில் காற்றுக்குப் பதில் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் ஓட்டினால் அவையும் வட்டிக்கு வட்டி குளிர்ந்து திரவமாகிவிடுமே? ஏன் ஹீலியத்துக்கு 1908 வரை ஆனது?

ஆலைக்காரன் | ஏப்ரல் 20, இரவு 9.00

ஹைட்ரஜனை அப்படியே ஓட்டினால் வால்வைத் தாண்டியதும் குளிராது, சூடாகும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால்தான் பிரியும்போது குளிர்கிறது. ஹைட்ரஜனில் அந்த இழுப்பு மிகக் குறைவு. மைனஸ் 70 டிகிரிக்கு நன்றாகக் கீழே கொண்டுபோய் விட்டால்தான் வால்வில் குளிர ஆரம்பிக்கும். ஹீலியத்துக்கு மைனஸ் 230க்கும் கீழே போக வேண்டும். மிச்சத்தை நிலவன் சார் சொல்லட்டும், அவருக்குத்தான் கதை தெரியும்.

டாக்டர்கண்மணி | ஏப்ரல் 21, காலை 7.35

கால்நடை மருத்துவர் நான். இழையைப் படித்ததும் என் பைக்கில் கட்டியிருக்கும் கேனைப் பற்றி எழுதத் தோன்றியது. சினை ஊசிக்கு வைத்திருக்கும் உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜனில்தான் இருக்கின்றன. கால் மில்லி பிடிக்கும் மெல்லிய குச்சி. மைனஸ் 196இல் வருடக்கணக்காக உயிர் மங்காமல் கிடக்கும். வெளியே எடுத்து 37 டிகிரி தண்ணீரில் அரை நிமிடம் வைத்தால் உயிரணுக்கள் நீந்த ஆரம்பித்துவிடும்.

கேனில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மீட்டர் கிடையாது. கறுப்புப் பிளாஸ்டிக் குச்சியை உள்ளே அடிவரை விட்டு, சில நொடி கழித்து எடுத்துக் காற்றில் ஆட்டுவேன். திரவம் தொட்ட உயரம்வரை வெள்ளையாகப் பனி பூக்கும். நாலு விரல் உயரத்துக்குக் குறைந்தால் நிரப்பப் போக வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேனை இறுக்கி மூடக் கூடாது. மூடி தொளதொள என்று இருப்பது வேண்டுமென்றே செய்தது. உள்ளே எப்போதும் கொஞ்சம் கொதித்துக்கொண்டே இருக்கும், ஆவி போக வழி வேண்டும். ஒரு லிட்டர் திரவம் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகும். ஒருமுறை புதிதாக வந்த உதவியாளர், பைக்கில் மூடி ஆடுகிறதே என்று நல்லெண்ணத்தில் டேப் போட்டு இறுக்கிச் சுற்றிவிட்டார். பாதி வழியில் 'உஸ்' என்று சத்தம் கேட்டு நிறுத்தினேன். டேப் ஓர் ஓரத்தில் விட்டிருந்தது. அது விடாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன். அதே காரணத்துக்காக இதை மூடிய காரிலோ லிஃப்டிலோ பக்கத்தில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. நைட்ரஜன் பரவி ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது, முன்னறிவிப்பே இல்லாமல் மயக்கம்தான் வரும்.

யாழ்நிலவன் | ஏப்ரல் 21, இரவு 11.40

டொக்டரின் கேன் ஜேம்ஸ் டூவாரின் கண்டுபிடிப்பு. 1892இல் இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் விட்டுச் செய்த குடுவை. நாங்கள் தேத்தண்ணி கொண்டுபோகும் பிளாஸ்க்கும் அதுதான். டூவார் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. திரவக் காற்றால் முன்கூட்டியே குளிரவைத்து 1898 மே 10 அன்று ஐதரசனைத் திரவமாக்கியவரும் அவர்தான், மைனஸ் 253 பாகை. அவருடைய உதவியாளர் லெனொக்ஸ் இந்த வேலையில் ஒரு வெடிப்பில் ஒரு கண்ணை இழந்தார்.

இனி ஈலியம். ஒல்லாந்தின் லைடனில் காமர்லிங் ஒனஸ். அவருடைய ஆய்வுகூடம் நின்ற இடம் 1807இல் வெடிமருந்துப் படகு வெடித்து நூற்றைம்பது பேரளவில் செத்த இடத்தின் மேல். அவர் அமுக்கிய வாயுக்களை வைத்து வேலை செய்கிறார் என்று தெரிந்ததும் ஊர் நிர்வாகம் பயந்துவிட்டது. 1895 தொடங்கி மூன்று வருடம் வேலை முடங்கியது. அவர் பொறுத்தார். பொறுத்ததோடு, 1901இல் கருவி செய்பவர்களுக்கும் கண்ணாடி ஊதுபவர்களுக்கும் ஒரு பள்ளிக்கூடமே அமைத்தார். நீலச் சட்டை போட்ட அந்தப் பையன்கள் இல்லாமல் லைடனில் ஒரு குழாயும் ஒட்டியிருக்காது.

ஈலியத்தை எங்கே தேடுவது? அமெரிக்காவின் வட கரோலைனாவிலிருந்து மொனசைட் மணலை அண்ணன் தம்பி உறவில் வரவழைத்தார். வணிகத் துறையில் இருந்த அவருடைய தம்பி ஒன்னோதான் ஏற்பாடு. மணலைச் சூடாக்கி, வந்த வாயுவைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்து, சில நூறு லீற்றர் சேர்த்தார்கள்.

1908 ஜூலை 9 அன்று 75 லீற்றர் திரவக் காற்றுத் தயார். மறுநாள் விடியற்காலை 5.45க்கு ஐதரசன் வேலை தொடங்கியது. மதியம் ஒன்றரைக்குள் 20 லீற்றர் திரவ ஐதரசன். காற்று ஐதரசனைக் குளிர வைத்தது, ஐதரசன் ஈலியத்தைக் குளிர வைத்தது. படிப்படியாகத்தான் இறங்க முடியும், ஒரு படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. மாலையில் ஈலியம் வால்வு வழியாகச் சுற்றத் தொடங்கியது. வெப்பமானி இறங்கி இறங்கி, ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஐதரசனின் கடைசிப் போத்தலையும் திறந்தாகிவிட்டது. கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஏழரை மணி. பார்க்க வந்திருந்த பேராசிரியர் ஸ்கிரைனமாக்கர்ஸ், வெப்பமானி ஒரு திரவத்துக்குள் நிற்பது போலத்தான் நடந்துகொள்கிறது, கீழிருந்து வெளிச்சம் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டார்கள். பாத்திரம் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்திருந்தது! கத்தி விளிம்பு போல ஒரு மெல்லிய கோடு, அதுதான் மேற்பரப்பு. திரவ ஈலியம் ஒளியை அவ்வளவு குறைவாக வளைக்கும், கண்ணுக்கே படாது. மொத்தம் 60 மில்லிலீற்றர். குளிரின் கடைசி எல்லையான தனிப்பூச்சியத்திலிருந்து (மைனஸ் 273 பாகை) நான்கு பாகைக்குச் சற்று மேலே.

மூன்று வருடத்தில் அதே குளிரில் பாதரசத்தின் மின்தடை திடீரென இல்லாமல் போனதைப் பார்த்தார்கள். இன்றைய எம்.ஆர்.ஐ. காந்தங்கள் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன, பெரும்பாலானவை இன்றும் திரவ ஈலியத்தில்.

குமரிக்கரையோன் | ஏப்ரல் 22, காலை 9.15

நிலவன், மொனசைட் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும் மணலில் இருப்பதும் மொனசைட்தான். இந்தக் கரையில் அது கண்டறியப்பட்டது ஒனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கியதற்கு அடுத்த வருடம், 1909இல். ஹீலியத்துக்கு நம் பக்கம் இன்னொரு தொடர்பும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தில் சூரிய ஒளியின் நிறமாலையில் அதற்குரிய மஞ்சள் கோடு ஒன்றைப் பார்த்தவர்கள் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் நின்றார்கள். சூரியனில் பார்த்ததற்கும் லைடனில் பாத்திரத்தில் பிடித்ததற்கும் நடுவே நாற்பது வருடம்.

அப்புறம், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து ராக்கெட் இன்ஜின் சோதிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2014 ஜனவரி 5 அன்று நம் சொந்த கிரையோஜெனிக் (கடுங்குளிர்த் திரவங்களில் ஓடும்) இன்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் மேலே போனது. மைனஸ் 253 டிகிரிச் சரக்கைத் திருநெல்வேலி வெயிலில் கையாளுகிறார்கள் என்பதை இந்த இழையைப் படித்த பிறகுதான் முழுசாக உணர்கிறேன்.

மதுரைமணி | ஏப்ரல் 26, இரவு 9.20

இன்று அப்பாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போனேன், மகளும் வந்தாள். செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டு, வேலிக்கு வெளியே நின்று டேங்கைப் பார்த்தோம். அவள் ஒரு கேள்வி கேட்டாள். டேங்குக்குள்ளும் அதே திரவம், தகடுகளுக்குள்ளும் அதே திரவம். டேங்க் வெளியே காய்ந்து கிடக்கிறது, தகட்டில் மட்டும் ஏன் இவ்வளவு பனி?

ஆலைக்காரன் | ஏப்ரல் 26, இரவு 9.55

நல்ல கண் பிள்ளைக்கு. டேங்க் பெரிய பிளாஸ்க் மாதிரி. இரண்டு சுவர், நடுவே சூட்டைக் கடத்தாத பெர்லைட் தூளும் வெற்றிடமும். வெளிச் சூடு உள்ளே போகவே கூடாது. டேங்க் வெளியே எங்காவது வேர்த்தால் வெற்றிடம் கெட்டுவிட்டது என்று அர்த்தம், உடனே போன் போட வேண்டும். தகடுகள் நேர்மாறு. வேப்பரைசர் என்போம். திரவத்தை மறுபடி வாயுவாக்கி வார்டுக்கு அனுப்ப வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். கரண்டும் இல்லை, நெருப்பும் இல்லை, வெறும் வெயிலும் காற்றும்தான் அந்தச் சூட்டைத் தருகின்றன. ஒரு லிட்டர் திரவம் உள்ளே போனால் 850 லிட்டர் ஆக்சிஜன் வெளியே வரும். பனி கெட்டியானால் சூடு உள்ளே போகாது, அதனால் ஒரு வரிசையை நிறுத்தி உருக விட்டு அடுத்த வரிசைக்கு மாற்றுவார்கள். தகட்டில் இருப்பது ஆக்சிஜன் பனி இல்லை, மதுரைக் காற்றில் இருந்த ஈரம்தான்.

மதுரைமணி | ஏப்ரல் 26, இரவு 10.10

நாங்கள் நின்றபோதே இரண்டாவது வரிசையிலிருந்து பனிக்கட்டி பொத்தென்று விழுந்தது. ஒரு சின்னத் துண்டு உருண்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்தது, மகள் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வார்டுக்கு வந்து தாத்தாவிடம் காட்டுவதற்குள் உருகிவிட்டது. ஈரக் கையைத்தான் காட்டினாள்.